மூளை சுருங்கினால் அறிவும் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 66. தலைச்சுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறினாலும், ஒருவர் பெயர் உடனே நினைவுக்கு வராதபோதெல்லாம் அந்த வரிதான் மனத்தில் ஓடுகிறது. மூளையின் அளவு குறையக் குறைய அறிவுத்திறனும் குறையுமா?

பதில்: அப்படி நேர்விகிதமாகக் குறைவதில்லை. 40 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு மூளையின் கன அளவு குறைவது இயல்பே. உங்கள் வயதினர் பலருடைய அறிக்கையிலும் அந்த வரியைக் காணலாம். திட்டமிட உதவும் முன்நெற்றிப் புறணியும் (புறணி என்பது மூளையின் வெளி அடுக்கு) புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் கூடுதலாகச் சுருங்க, பார்வைக்குரிய புறணி பெரிதும் மாறாமலே இருக்கிறது. நரம்பணுக்கள் பெருமளவில் மடிவதே இதற்குக் காரணம் என்று முன்பு நம்பினார்கள். ஆனால் டென்மார்க் ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே பெருமூளைப் புறணியில் குறையும் நரம்பணுக்கள் சுமார் 10 விழுக்காடுதான். அணுக்களின் கிளைகளும் அவற்றை இணைக்கும் வெண்பொருள் இழைகளும் மெலிவதே முக்கியமான மாற்றம் என்பதால், முதலில் குறைவது சிந்தனையின் வேகமாகும். பெயர் சற்றுத் தாமதித்து நினைவுக்கு வருவதும் பெரும்பாலும் இந்த வகைதான். சொல்வளமும் பொது அறிவும் 60 வயதைத் தாண்டியும் நிலைத்து நிற்கின்றன.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான விடை ஸ்காட்லாந்திலிருந்து கிடைக்கிறது. அங்கே 1936-இல் பிறந்து பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் 1947-இல் ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு நடத்தப்பட்டது. அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 70 வயதளவில் தேடிக் கண்டுபிடித்து, அதே தேர்வை மறுபடியும் எழுதச் செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்களுள் பலருக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். முதுமையில் புறணி தடித்திருந்தவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றது உண்மைதான். ஆனால் 11 வயதில் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்தபோது அந்தத் தொடர்பின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அதாவது, முதுமையில் காணும் வேறுபாட்டில் கணிசமான பங்கு சிறுவயது முதலே இருந்துவந்தது. எனவே ஒரே ஒரு ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு இழந்தார் என்று கூற முடியாது என்பதே என் கருத்து. அவருடைய பழைய படம் ஒன்று இருந்தால் அதனோடு ஒப்பிடுவது பொருளுடையது. மற்றவர்களோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு, ஏனெனில் மூளையின் மொத்த அளவு அறிவுத்தேர்வு மதிப்பெண்களின் வேறுபாட்டில் 6 விழுக்காடு அளவுக்கே விளக்கம் தருகிறது. (சராசரியில் பெண்களின் மூளை ஆண்களுடையதைவிடச் சிறியது; ஆனால் பொதுவான அறிவுத்திறனில் இருபாலாரின் சராசரிக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.)

ஆயினும் அளவு முற்றிலும் பொருளற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தபின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் காணப்பட்ட சிலர் வாழ்ந்தபோது தெளிந்த அறிவோடு இருந்தார்கள் என்பதும், அவர்களுடைய மூளை எடை மிகுந்திருந்தது என்பதும் தெரியவந்தன. மூளையில் சேதம் நேர்ந்தாலும் அறிவைக் காக்கும் கையிருப்பு சிலருக்கு இருக்கிறது என்னும் 'அறிவுச் சேமிப்பு' கருத்து வலுப்பெற இத்தகைய ஆய்வுகளே காரணமாயின.

உங்கள் கையில் இருப்பது இரத்த அழுத்தம். கட்டுப்படாத உயர் அழுத்தம் வெண்பொருளைச் சேதப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. பழகிய பாதையில் வழி தவறினாலோ, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டார் சொன்னாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நாள்தோறும் புதிர்களை விடுவித்தால் மூளை சுருங்காமல் இருக்குமா?

பதில்: புதிர் விடுவிக்கும் திறமை நிச்சயம் வளரும்; ஆனால் மூளை சுருங்காமல் இருக்கும் என்பதற்கு அது சான்றாகாது. முதியோர் 2,832 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட பயிற்சி ஆய்வில், நினைவாற்றல், தருக்கம், வேகம் ஆகியவற்றில் எதற்குப் பயிற்சி தரப்பட்டதோ அது மட்டுமே மேம்பட்டது.