பருத்தித்துறைக்கு அரை நாள் போதுமா?

யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் தங்கப்போவதாகவும், இலங்கையின் வடமுனை என்ற பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் எடுப்பதைத் தவிரப் பருத்தித்துறையில் பார்ப்பதற்கு ஏதாவது உண்டா, அரை நாள் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பருத்தித்துறையை அடுத்த தும்பளையில் பிறந்து வளர்ந்து, இப்போது வேலையின் பொருட்டு யாழ்ப்பாண நகரில் இருப்பவன். ஆகவே இந்தப் பதிலில் ஊர்ப்பற்றுச் சற்றுக் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

படம் எடுக்கும் விடயத்தையே முதலில் தீர்த்துவிடுகிறேன். வருகிறவர்களில் பலர் வெளிச்சவீட்டடிக்குப் போய், அதுதான் நாட்டின் வடமுனை என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வெளிச்சவீடு 1916 ஆம் ஆண்டு கட்டப்பட்ட, 32 மீற்றர் உயரமான அழகான கோபுரந்தான். ஆனால் நிலப்படத்தில் எல்லாவற்றுக்கும் வடக்கே நிற்பது, நகரத்திலிருந்து கரையோரமாக மேற்கே போனால் வரும் சக்கோட்டை முனை. அங்கே பலகையும் உண்டு, கடலும் உண்டு. பத்து நிமிடத்தில் அந்த வேலை முடிந்துவிடும்.

ஊரைப் பார்க்க விரும்பினால் ஒரேயொரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள்: பருத்தித்துறையில் கரை திரும்புகிறது. காங்கேசன்துறையிலிருந்து கிழக்கு நோக்கி வரும் கரை முழுவதும் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லுமாக இருக்கும். காலில் செருப்பில்லாமல் இறங்க முடியாது. பருத்தித்துறை முனையைத் தாண்டியதும் அதே கரை தென்கிழக்காக வளைந்து, கற்கோவளத்துக்கு அப்பால் மணற்கரையாக மாறி, வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, மருதங்கேணி என்று நெடுந்தூரம் நீண்டு செல்கிறது. பருத்தித்துறை அடங்கிய வடமராட்சிப் பகுதியில் நீங்கள் காணப்போகும் தொழில், கோயில், கிணறு, ஏன் ஊர்ப்பெயர்கூட, பெரும்பாலும் இந்தக் கல்லுக் கரைக்கும் மணற் கரைக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து வந்தவை. கப்பலில் வந்த போர்த்துக்கேயர் பாறையைக் கண்டு அஞ்சியதாலோ என்னவோ, இந்த இடத்தைக் கற்களின் முனை என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பொயின்ற் பீற்றோ என்னும் பெயர் அதன் திரிபுதான், பீற்றர் என்ற எவருக்கும் அதில் பங்கில்லை. இங்கே இருந்தவர்களோ, துறையிலிருந்து ஏற்றுமதியான பருத்தியை வைத்துப் பெயரிட்டுக்கொண்டார்கள்.

மேற்கே போகும் கல்லுக் கரையில் உங்களுக்கு முக்கியமான ஊர் வல்வெட்டித்துறை. அதன் பெயரைக் கேட்டதும் பலருக்குப் போர்க்கால வரலாறு நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்பே பல தலைமுறைகளாக அது கப்பல் கட்டுகிறவர்களும் கடலோடிகளும் வாழ்ந்த ஊர். தமிழ்நாட்டின் கொடியக்கரை இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். எங்கள் அம்மம்மாவின் காலத்தில் கொழும்பைவிட நாகபட்டினமும் வேதாரணியமும் மனத்துக்கு அண்மையில் இருந்தன என்றால் அது மிகையன்று. இந்தக் கரையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற, ஏறத்தாழ 90 அடி நீளமான பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திச்சென்று, 1938 ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இன்று அந்தக் கரையில் நின்றால் கண்ணாடியிழைப் படகுகளைத்தான் காண்பீர்கள். தைப்பொங்கலை ஒட்டி வருகிறீர்கள் என்றால் மட்டும் அங்கே அரை நாளை ஒதுக்கிவையுங்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியில், விண் என்னும் ஒலியெழுப்பும் நாடா கட்டிய பெரிய பட்டங்கள் வாடைக்காற்றில் எழுப்பும் ஓசையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இன்னும் மேற்கே தொண்டைமானாறு. ஆறு என்று பெயரேயொழிய, அது வடமராட்சிக் கடனீரேரி கடலோடு சேரும் வாய். உவர்நீர் உள்ளே புகாதபடி அங்கே தடுப்பணை போட்டிருக்கிறார்கள். அதன் கரையில் இருக்கும் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குச் சமய நம்பிக்கை இல்லாதவர்களும் போய்வரலாம் என்பது என் கருத்து. பிராமணர் அல்லாத பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல் பூசை செய்யும் முறை, கதிர்காமத்தைப் போலவே இங்கும் உண்டு. அதனால் சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வார்கள். முருகனுக்கு அமுது படைப்பது ஆலிலைகளில். கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் அன்னதானம் நடப்பதால், மதிய வேளையில் போனால் பசியோடு திரும்ப மாட்டீர்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரிகர்கள் புறப்படும் இடமும் இதுவே.

இனி மணற் கரை. எனக்கு நெருக்கமானது இதுதான், ஆகவே சற்று நீளமாகவே எழுதப்போகிறேன்.

வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குச் சிறுவயதில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே போவோம். சைவக் கோயில்கள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் இவ்வளவு பெரிய விட்டுணு கோயில் இருப்பதே பலருக்குப் புதுமையாக இருக்கும். கடலில் துள்ளிய மீன் ஒன்று லவல்லி என்ற பெண்ணின் மடியில் விழுந்து, சக்கரமாக மாறியது என்பது கோயிற் கதை; மூலத்தானத்தில் சக்கரமே இருக்கிறது. புரட்டாதிப் பூரணையை ஒட்டிய கடல் தீர்த்தத்தன்று சுவாமி மணற்குன்றுகளைக் கடந்து கடலுக்குப் போகும்போது பின்னால் போகும் கூட்டத்தைப் பார்த்தால், யாழ்ப்பாணம் முழுவதும் அன்றைக்கு அந்த மணலில்தான் நிற்கிறதோ என்று தோன்றும். என் பெரியம்மா அந்த மணலில் கால் புதையப் புதைய நடந்துகொண்டே, "மெதுவா நட பிள்ளை, கடல் ஓடிப்போகாது" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

அந்த மணலுக்குள் இன்னும் பழைய செய்திகள் கிடக்கின்றன. 1936 ஆம் ஆண்டு வல்லிபுரத்தில் பிராமி எழுத்துப் பொறித்த சிறிய பொன்னேடு ஒன்று கிடைத்தது. அநுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்தில் விகாரை ஒன்று அமைக்கப்பட்டதைக் கூறும் அதில், குடாநாட்டின் பழைய பெயராகக் கருதப்படும் நாகதீபம் என்ற பெயரும் வருகிறது. அதன் மொழியையும் பொருளையும் பற்றி அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். யாருடைய வாதம் வெல்ல வேண்டும் என்பதில் அரசியலும் கலந்துவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மணல்மேட்டில் எழுத்தும் பொன்னும் புழங்கின என்பது மட்டும் உறுதி.

வல்லிபுரத்துக்கு அப்பால் மணற்காடு. பெயருக்கேற்ற இடம்: மணற்குன்றுகள், காற்றைத் தடுப்பதற்காக வளர்த்த சவுக்கங்காடு, மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். இங்கேதான் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கல்லுக் கரையில் அந்தத் தொழில் செய்ய முடியாது, ஏனெனில் கரைவலை வழுக்கி வருவதற்கு மணல் தரை வேண்டும். அதிகாலையில் வள்ளத்தில் வலையை வளைத்துப் போட்டு, இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து இழுத்து, மடி கரை சேரும்போது சூடையும் நெத்தலியும் துள்ளும். பார்க்கிறவர்களையும் ஒரு கை பிடிக்கச் சொல்வார்கள்; பிடித்தால் ஒரு கறிக்கு மீன் கிடைக்கும். எனினும் முன்னைப்போல மீன் இல்லை என்பதையும் கேட்பீர்கள். கடலின் அடியை வாரிச்செல்லும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 ஆம் ஆண்டு சட்டம் இயற்றித் தடை செய்த பின்னரும், எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வலை அறுந்த கதையை இந்தக் கரையில் எவரிடமும் கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரையை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனது. மணற்காட்டிலும் அதற்குத் தெற்கேயுள்ள ஊர்களிலும் வீடுகளோடு மனிதர்களும் போனார்கள். நினைவுத்தூபிகளின் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது, அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வரும். மணற்குன்றுகள் மழையைப் பிடித்து வைத்திருப்பதால் அவற்றை ஒட்டிய கிணறுகளில் நீர் இனிப்பாக இருக்கும். அதனால்தான் அங்கே களவாக மணல் அள்ளுகிறவர்கள்மீது எங்களுக்கு இவ்வளவு கோபம். இன்றைக்கு அதே கரையில், மருதங்கேணிக்கு அண்மையிலுள்ள தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் வரை நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நீங்கள் யாழ்ப்பாண விடுதியில் குளிக்கும் தண்ணீர் வடமராட்சி கிழக்கின் கடலாகவும் இருக்கக்கூடும்.

நகரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போரில் அடிபட்டு, மீண்டும் அவசரமாகக் கட்டிய கடைத்தெரு அது. பார்க்க வேண்டியவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று, தும்பளைக்குப் போகும் வழியில் இருக்கும் தெருமூடிமடம். தெருவின் குறுக்கே கூரை போட்டு, இரு பக்கமும் வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை வைத்து, நடுவால் வண்டி போக விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை வந்தால் எங்களுக்கு அதுதான் குடை. மற்றது, பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1838 ஆம் ஆண்டு தொடக்கிய பள்ளிக்கூடம். வெளிச்சவீடு எழுந்த அதே 1916 இல்தான் அதற்கு ஹாட்லிக் கல்லூரி என்று பெயர் வந்தது. கடலோசை கேட்கும் வகுப்பறையில் கணக்குப் படித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். படிப்பு இங்கே பாதிரிமாரால் மட்டும் வந்ததன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அடுத்த ஊரான புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னைக்குப் போய்த் தமிழ் அகராதி தொகுத்தவர், திரு.வி.க.வுக்குத் தமிழ் கற்பித்தவர்.

உணவு என்றால், நகரத்தில் ஓடக்கரை என்ற இடத்தில் பெண்கள் வீடுகளில் சுட்டு விற்கும் தோசையும், பருத்தித்துறை வடையும். வடை என்றதும் மெதுவடையை நினைக்காதீர்கள். இது உளுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து மெல்லியதாகத் தட்டிப் பொரித்த, கடித்தால் நொறுங்கும் தட்டை, வாரக்கணக்கில் கெடாது. வெளிநாட்டுக்குப் போகிற எவருடைய பெட்டியிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

வரும் வழி: யாழ்ப்பாணத்திலிருந்து 750 ஆம் இலக்கப் பேருந்து, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், நெல்லியடி வழியாக ஏறத்தாழ 33 கிலோமீற்றர். இடையில் வரும் வல்லை வெளியில் யன்னலோரம் இருங்கள். மரமோ வீடோ இல்லாத தரவை, இரு பக்கமும் நீர், நடுவே பாலம், முனியப்பர் கோயில். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு உழக்கும்போது அந்த வெளியில் எதிர்க்காற்றில் இறங்கி உருட்டியே போவார். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து நெல்லியடியில் விட்டுவிடும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: அரை நாள்தான் இருக்கிறது என்றால் சக்கோட்டையையும் வல்வெட்டித்துறையையும் விட்டுவிட்டு, விடியற்காலையிலேயே முச்சக்கரவண்டி பிடித்து மணற்காட்டுக்குப் போய், கரைவலையைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் வல்லிபுரக் கோயிலுக்கு வந்துவிடுங்கள். ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் மதியத்துக்குச் சந்நிதிக்கும், மாலையில் வல்வெட்டித்துறைக்கும் போகலாம். பெப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. கார்த்திகை, மார்கழியில் மழை. கிழக்குக் கரையில் நீரோட்டம் வலுவானது, ஊரவர்களைக் கேட்காமல் குளிக்க இறங்காதீர்கள். வடையைப் பேருந்து நிலையத்தடியில் வாங்கலாம், ஆனால் பொழுதுபட முன்பே வாங்கிவிடுங்கள்.