ஏழு நாள் இலங்கை: எந்த ஊரை விடுவது?

கேள்வி: மதுரை கே.கே. நகரிலிருந்து எழுதுகிறேன். அரையாண்டு விடுமுறையில் ஏழு நாள் குடும்பத்தோடு இலங்கை போக நினைக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அவருக்குத் திருகோணமலை கோணேசர் கோயிலைப் பார்க்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு எல்ல, அந்த மலை ரயில். மனைவி யாழ்ப்பாணம் கேட்கிறார். டிராவல் ஏஜென்ட் கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, கதிர்காமம், காலி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று ஒன்பது ஊர் போட்டுத் தந்திருக்கிறார். எதை விடலாம்?

பதில்: ஊரைக் கழிப்பதற்கு முன்னால் உங்கள் மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழை தருகிற அதே வடகிழக்குப் பருவம்தான் திருகோணமலைக்கும் மழை. டிசம்பர் கடைசியிலும் அங்கே அது விட்டிருக்காது. எல்ல இருக்கும் ஊவா மலைப் பக்கமும் இதே காற்றுக்கு நனைகிற பக்கம். மழை பலத்தால் மண்சரிந்து ரயிலே நின்றுவிடும். அம்மா கேட்டது, மகள் கேட்டது இரண்டுக்கும் டிசம்பர் ஒத்துவராது. அந்த மாதத்தில் நன்றாக இருப்பது கொழும்பும் காலியும் சேர்ந்த தென்மேற்குக் கரைதான்.

அதனால் பயணத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளச் சொல்வேன். ஏப்ரல் 13, 14 தேதிகளில் அங்கே சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. பாதிக் கடைகள் மூடியிருக்கும், பஸ்ஸில் ஏற முடியாது. அது முடிந்த பிறகு கிளம்பி, மே பாதிக்குள் திரும்பிவிடுங்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கி, கொழும்புப் பக்கம் வெள்ளம்கூட வருவதுண்டு. கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். (அழகர் ஆற்றில் இறங்கும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு விமானம் ஏற உங்கள் அம்மா சம்மதிக்க மாட்டார்.)

இப்போது கணக்கு. ஏழு நாள் என்றால் ஆறு இரவு. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, ரூமைக் காலி செய்து, அடுத்த ரூம் சாவியை வாங்குவதற்குள் அரை நாள் ஓடிவிடும். மூன்று ஊரில் தங்கலாம். கடைசி இரவு விமான நிலையத்துப் பக்கம். அவ்வளவுதான். மேப்பில் தீவு சின்னதாகத் தெரிவதை நம்பாதீர்கள். கண்டியிலிருந்து எல்ல கிட்டத்தட்ட மதுரை–திருச்சி தூரம்தான். நாம் நாலுவழிச் சாலையில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருவோம், அங்கே மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம், ஒரு மணி நேரம். டிக்கெட்டில் கொழும்பு என்றிருந்தாலும் இறங்குவது நகரத்துக்கு வடக்கே நீர்கொழும்பை ஒட்டிய கட்டுநாயக்கவில். அதனால் முதல் நாள் கொழும்புக்குள் நுழையாமல் நேரே சிகிரியாவுக்குப் பக்கத்து ஊரான தம்புள்ளைக்கு விடுங்கள். மறுநாள் வெயில் ஏறும் முன் நீங்களும் மகளும் சிகிரியா பாறைக் கோட்டை ஏறலாம். சுமார் 1,200 படி, அம்மா ரூமிலேயே இருக்கட்டும். மதியம் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திருகோணமலை. அங்கே இரண்டு இரவு கட்டாயம். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள், இன்றிருப்பது பிறகு எழுந்தது. கோட்டை வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டி மாதிரி காருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கடைசியில் கொஞ்சம் ஏற்றம் உண்டு, கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பக்கம்தான். ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒரு சூடு.

அடுத்து கண்டி, இரண்டு இரவு. மதுரைக்காரர்கள் கண்டியை அவசரமாகப் பார்க்கக் கூடாது. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து நாயக்கர் வீட்டுப் பெண்களை ராணியாகக் கொண்டுபோனார்கள். வாரிசு இல்லாமல் போனபோது ராணியின் தம்பியே அரியணை ஏறினார். 1739 முதல் 1815 வரை நாலு நாயக்க அரசர்கள். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை முகப்பில் இருக்கும் எண்கோண மண்டபமும் எதிரே உள்ள ஏரியும் அவர் கட்டியவை.

கழிக்க வேண்டியவை: நுவரெலியாவை யோசிக்காமல் அடியுங்கள். கொடைக்கானலும் மூணாறும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. காலியின் கடல் மே மாதத்தில் கொந்தளிக்கும். எல்லயை விடுவதில்தான் மகளோடு சண்டை வரும். அவளுக்காக ஆறாம் நாள் கண்டியிலிருந்து கொழும்புக்கு ரயிலில் இறங்குங்கள், பெட்டிகள் வேனில் வரட்டும். கடுகண்ணாவ தாண்டி மலையிறங்கும் பகுதி, குகைகளும் பள்ளத்தாக்குமாக, எல்லப் பாதைக்கு அப்படியொன்றும் குறைந்ததில்லை. ரயில் ஓடுகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளுக்கு இரண்டு மணி நேரம், இரவு நீர்கொழும்பு.

யாழ்ப்பாணத்தை இதோடு ஒட்டவே வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடி, ஆவணியில் வரும். உங்கள் மனைவியோடு அதற்கென்றே ஒருமுறை போய் வாருங்கள்.

டிசம்பரை மாற்றவே முடியாதா? சரி, அப்படியானால் கண்டி, காலி, கதிர்காமம். கோணேசருக்குப் பதில் முருகன், அருணகிரிநாதர் பாடிய தலம். கருவறையில் விக்கிரகம் தெரியாது, முருகன் படம் வரைந்த திரைக்குத்தான் பூசை. பூசை செய்பவர்கள் சிங்களக் கப்புறாளைகள். அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திரை எப்போது விலகும் என்று காத்துக்கொண்டே நிற்பார்.

ஏஜென்ட் திருத்தி அனுப்பும்போது ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கிலோமீட்டர் போடாமல், வேனில் எத்தனை மணி நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் எந்த நாளாவது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.