கல்லூரியின் ஐந்தொகை

அன்புள்ள ஐயா,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எனக்கு. இப்போது சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. நான் படித்த கல்லூரிக்குப் பொன்விழா வருகிறது. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் படிக்கும் சின்னக் கல்லூரி. காலையில் அரசு உதவி பெறும் பிரிவு, மதியம் சுயநிதிப் பிரிவு. ‘நம் கல்லூரியால் வட்டாரம் அடைந்த பொருளாதாரப் பலன்’ என்று மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர், ஊழியர் சம்பளம், மாணவர் கட்டும் கட்டணம், அவர்கள் டீக்கும் ஜெராக்ஸுக்கும் பஸ்ஸுக்கும் செலவழிப்பது எல்லாவற்றையும் கூட்டி, இணையத்தில் கண்ட ஓர் அமெரிக்க அறிக்கையைப் பார்த்து மூன்றால் பெருக்கினேன். வந்த தொகை எனக்கே பயமாக இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னால், “அம்புட்டுக் காசு இருந்தா கடைவீதி ஏன்டா இப்பிடிக் கெடக்கு? படிச்ச பயலுக பூராம் ஊரை விட்டுப் போயிட்டீக” என்கிறார். எங்கே தப்பு செய்தேன்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சித்தப்பாவுக்கு என் வணக்கம். ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்குத் தட்டுப்படாதது அவருக்குத் தட்டுப்பட்டிருக்கிறது.

என் தாத்தா நகரத்தார் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை, அதாவது கடையின் வரவு செலவையும் சொத்து கடனையும் மொத்தமாக முடித்துப் பார்க்கும் கணக்கு, எடுக்கும் நாட்களில் அவர் பக்கத்தில் போக முடியாது. “வலது மடியில இருந்து இடது மடிக்கு மாத்துனதை வரவுன்னு எழுதுறவன் கடையை மூடிருவான்” என்பார். நீங்கள் செய்திருப்பது அதுதான். சுயநிதிப் பிரிவில் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளின் கட்டணத்திலிருந்து. கட்டணம்? சுற்றுப்பட்டு ஊர்களில் நெல் விற்ற காசு, நகையை அடகு வைத்த காசு. அது ஏற்கெனவே வட்டாரத்தில் இருந்த பணம். அதைக் கட்டணமாக ஒரு தடவை, சம்பளமாக ஒரு தடவை எழுதி மூன்றாலும் பெருக்கிவிட்டீர்கள்.

காலைப் பிரிவு வேறு. அங்கே சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. கல்லூரி இல்லையென்றால் அந்தப் பணம் உங்கள் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்காது. அதே கணக்கில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன். எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் நல்ல வரவு அது.

இனி அந்த மூன்று. ஒரு ரூபாய் ஊருக்குள் மூன்று ரூபாய் வேலை செய்ய வேண்டுமானால், கைமாறும் ஒவ்வொரு முறையும் அதில் 67 காசு ஊரிலேயே தங்க வேண்டும். கல்லூரி வாசலில் போய் நின்று பாருங்கள். ஒரு டீயில் பாலும் மாஸ்டர் கூலியும் உள்ளூர்; தூள், சீனி, கேஸ் சிலிண்டர் வெளியூர். ஜெராக்ஸில் தாளும் மையும் போக மிஞ்சுவது கடைக்காரர் உழைப்பு. செல்போன் ரீசார்ஜில் கமிஷன் தவிர ஒரு காசு நிற்காது. பேராசிரியர்களில் எத்தனை பேர் உள்ளூரில் குடியிருக்கிறார்கள்? பாதிப் பேர் காரைக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்துபோனால், அவர்கள் சம்பளம் கல்லூரி கேட்டைத் தாண்டி பஸ் ஏறிவிடுகிறது. ரூபாய்க்கு 30 காசு தங்குகிறது என்று வைத்தால், முதல் ரூபாய், அதில் தங்கும் 30 காசு, அந்த 30 காசில் தங்கும் 9 காசு என்று கூட்டிக்கொண்டே போக, பெருக்க வேண்டிய எண் 1.43. பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தைத்த சட்டையைச் சின்ன ஊருக்கு மாட்டினால் தோள் தொங்கத்தான் செய்யும்.

இந்த வகைக் கணக்குக்கு வழி போட்டவர்கள் கேஃப்ரி, ஐசக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள், 1971இல். அந்த வழியில் வந்த நல்ல ஆய்வுகள் எல்லாம் கேட்கும் முதல் கேள்வி, கல்லூரியே இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது. உள்ளூர்ப் பையன் அப்போதும் டீ குடித்திருப்பான். வெளியூரிலிருந்து வந்தவனையும், கல்லூரி இல்லையென்றால் திருச்சிக்கோ மதுரைக்கோ போயிருப்பவனையும் மட்டும் எண்ணுங்கள்.

வீட்டு வாடகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. வேறு ஊரில் என்றால் கல்லூரிக்குப் பக்கத்து வீடெல்லாம் மாணவர் அறைகளாகியிருக்கும். நம் பக்கம் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடு பூட்டிக் கிடக்கும். ஓர் அறையை வாடகைக்கு விடப் பதினாறு பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். பிள்ளைகள் லைன் வீடுகளில் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள்.

மலர்க்குழுவில் யாராவது ‘அழகப்பரைச் சேர்க்கணும்’ என்பார்கள். சேருங்கள், ஒப்பிடாதீர்கள். காரைக்குடியில் 1947இல் கலைக்கல்லூரி தொடங்கிய மனிதர், அடுத்த வருடமே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அந்த ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்தார். 1953இல் ஆய்வகம் திறந்தது; 1985இல் பல்கலைக்கழகமே வந்தது. ஒரு கல்லூரி ஊரையே மாற்றிய கதைதான். ஆனால் அதற்குப் பின்னால் வெளியே சம்பாதித்த பெரும் செல்வம் இருந்தது. உங்கள் கல்லூரிக்கு நிர்வாகக் குழுவும் ஒரு கட்டடக் கடனும் இருக்கும்.

சித்தப்பாவின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். அவரோடு நான் மாறுபடுவது இங்கேதான். படித்தவர்கள் போய்விட்டார்கள் என்பதை அவர் செலவில் எழுதுகிறார். கொண்டுவிக்கப் போவதையே, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவதையே, தொழிலாக வைத்திருந்த சீமை இது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவைதான் அந்தப் பூட்டிய வீடுகள். உங்கள் கல்லூரியும் ஆளைப் படிப்போடு வெளியே அனுப்பிக் காசாக வாங்குகிறது. நீங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தை எந்தக் கலத்திலும் எழுதவில்லையே, கவனித்தீர்களா? தம்பி கட்டணம், நகை மீட்டது, வீட்டுக்கு மேல்தளம் போட்டது, எல்லாம் அதில்தானே?

ஒரு சங்கடமும் உண்டு. பர்மா போனவர் குடும்பத்தை இங்கே வைத்துவிட்டுப் போனார். பணம் வந்துகொண்டே இருந்தது. நீங்கள் கல்யாணமானதும் குடும்பத்தைத் தாம்பரத்துக்கு அழைத்துக்கொள்வீர்கள். சில வருடங்களில் அனுப்புவது தீபாவளிக்கு மட்டும் என்றாகும். அதனால் இந்த வரவுக்கு ஒரு காலக்கெடு போட்டு எழுதுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவளை மதுரை விடுதிக்கு அனுப்பாத வீடுகள் நம் பக்கம் நிறைய. சாயங்கால டவுன் பஸ்ஸில் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம் என்றால் அனுப்புவார்கள். 2021இலிருந்து அந்த பஸ்ஸில் அவளுக்குக் கட்டணமும் கிடையாது. கல்லூரி அந்தத் தூரத்தில் இல்லையென்றால் படித்தே இருக்கமாட்டாள் என்ற பெண்கள் எத்தனை பேர் என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மூன்றால் பெருக்கிய தொகையைவிட அந்த எண்ணைத்தான் நான் மலரில் தேடுவேன்.

கடைசியாக, வாசல் டீக்கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கல்லூரி மூடிய மே மாதத்தில் தினம் எத்தனை லிட்டர் பால் குறைத்து வாங்குகிறீர்கள்? அவர் சொல்லும் எண்ணைக் கட்டுரையின் முதல் வரியில் போடுங்கள். சித்தப்பா ஒத்துக்கொள்வார்.