பிரேக்கில் சிகரெட் பிடிக்கும் பார்லர் ஊழியர்கள்: முதலாளி எதுவரை தடுக்கலாம்?

கேள்வி: தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் முதல் மாடியில் யூனிசெக்ஸ் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஆண்கள் பக்கம் முடி வெட்டும் இரண்டு பேரும், ஒரு பெண்ணும் சிகரெட் பிடிப்பவர்கள். தனியாக பிரேக் நேரம் என்று வைக்கவில்லை, கஸ்டமர் இல்லாதபோது சாப்பிட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமிலோ மாடிப்படியிலோ நின்று பிடிக்கிறார்கள். தரையில் சாம்பல் கொட்டுகிறதே என்று ஒரு காலி கிரீம் டப்பாவை நானே வைத்துவிட்டேன். ஃபேஷியலுக்கு வந்த ஒரு அம்மா, "கையெல்லாம் சிகரெட் நாத்தம் அடிக்குது" என்று பாதியில் எழுந்து போய்விட்டார். இன்னொரு ஊழியர் ஐந்து மாத கர்ப்பிணி, அந்தப் புகையில் வாந்தி வருகிறது என்கிறார். போன மாதம் மூன்று பேருக்கும் சம்பளத்தில் ஆளுக்கு 1,500 ரூபாய் பிடித்தேன். அப்போதும் கேட்காத ஒருவனை, இரண்டு வருடமாக இருப்பவன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். "பிரேக் என் நேரம், லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுப்பேன்" என்கிறான். பிரேக்கில் புகைபிடிக்க நான் விட்டுத்தான் ஆக வேண்டுமா? அந்தப் பெண்ணின் வீட்டுக்கு போன் செய்து சொல்லலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

பதில்:

சகோதரி, நீங்கள் கேட்டதற்கு நேரடி பதில் முதலில். உங்கள் கடைக்குள்ளும் மாடிப்படியிலும் பிரேக் நேரமாக இருந்தாலும் ஒருவரும் புகைபிடிக்கக் கூடாது. அதை அனுமதிக்கும் அதிகாரம் உங்களுக்கே கிடையாது. ஆனால் நீங்கள் 1,500 ரூபாய் பிடித்ததும், வாட்ஸ்அப்பில் வேலையை விட்டு நிறுத்தியதும் தவறு, லேபர் ஆபீஸுக்குப் போனால் அந்த இரண்டிலும் அவர் பக்கம்தான் பலமாக இருக்கும்.

கடைக்குள் ஏன் முடியாது என்பதைச் சொல்கிறேன். 2003 ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், பிரிவு 4, பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. "என் கடை என் சொந்த இடம், அது எப்படிப் பொது இடம்" என்று பலரும் என்னிடம் கேட்பார்கள். யாருடைய சொத்து என்பதை வைத்து அந்தச் சட்டம் பொது இடத்தை முடிவு செய்யவில்லை, பொதுமக்கள் வந்து போகிற இடமா என்றுதான் பார்க்கிறது. அதற்கு மேல், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் வேலை செய்யும் இடத்தையும் பொது இடக் கணக்கில் சேர்த்துவிட்டன. அதனால் கஸ்டமர் கால் வைக்காத ஸ்டோர் ரூம் என்ற சமாதானம் செல்லாது, அங்கே உங்கள் ஊழியர்கள் வேலை பார்க்கிறார்கள், அது போதும். மாடிப்படியும் அப்படித்தான். ஒன்றுக்கு மேற்பட்ட மாடி இருக்கும் கட்டடத்தில் படிக்கட்டிலும் தடைப் பலகை வைக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஒரு அறையைப் புகைபிடிக்க என்று ஒதுக்கிவிடலாமா என்று யோசிக்காதீர்கள், அந்தச் சலுகை 30 அறைக்குக் குறையாத ஹோட்டல், 30 பேர் உட்காரும் உணவகம், விமான நிலையம் இவற்றுக்கு மட்டும்தான்.

அந்த கிரீம் டப்பாவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சாம்பல் தட்ட ஏதாவது வைப்பது, தீப்பெட்டி லைட்டர் கொடுப்பது எல்லாம் அதே விதிகளில் தடை செய்யப்பட்டவை, நல்ல எண்ணத்தில் வைத்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு நீங்கள் அனுமதித்ததற்கான சாட்சி அது. புகைபிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நீங்கள் நடவடிக்கை எடுக்காமல் இருந்தால் எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதம் உங்கள் தலையில் விழும். தொகை பெரிதில்லை என்று விட்டுவிடாதீர்கள். அசிட்டோன், ஹேர் ஸ்ப்ரே, ஸ்பிரிட் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோர் ரூமில் ஒருவர் சிகரெட் பற்ற வைக்கிறார் என்பது எனக்கு அந்த அபராதத்தை விட ஆயிரம் மடங்கு கவலையாக இருக்கிறது. மாடியில் கடை, இறங்க ஒரே படி, உள்ளே தலையில் டை போட்டுக்கொண்டு கஸ்டமர் உட்கார்ந்திருப்பார்.

பலகை பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. பலகை, வெள்ளைப் பின்னணி, சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட சிகரெட் அல்லது பீடி படம், "புகைபிடிக்கக் கூடாத இடம், இங்கு புகைபிடிப்பது குற்றம்" என்ற வாசகம். தமிழில் இருந்தால் போதும். யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு பெயரும் அங்கே இருக்க வேண்டும், உங்கள் பெயரையே போடுங்கள்.

அடுத்து அந்தக் கர்ப்பிணிப் பெண். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, என்னைக் கேட்டால் முதலில் எழுதியிருக்க வேண்டியதே அவரைப் பற்றித்தான். புகைபிடிக்காதவரைப் புகையைச் சுவாசிக்க வைப்பது அவருடைய உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று 1999 இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அரசியலமைப்பின் 21 ஆவது பிரிவை வைத்துத்தான் பொது இடங்களில் புகைபிடிப்பதை நிறுத்தச் சொன்னது. அதனால் அவர் "எனக்கு ஒத்துக்கல அக்கா" என்று தயங்கித் தயங்கிச் சொல்வதை ஒரு உபகாரம் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் தன் உரிமையைக் கேட்கிறார். "நீ வேணும்னா முன்னாடி உட்கார்" என்று அவரை இடம் மாற்றுவது தீர்வாகாது, புகைதான் அங்கிருந்து போக வேண்டும்.

சரி, பிரேக்குக்கு வருவோம். "பிரேக் என் நேரம்" என்று அந்தப் பையன் சொன்னதில் பாதி சரி. 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உங்கள் பார்லருக்கும் பொருந்தும், வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் இடமும் அதில் கடைதான். அதன்படி ஒருவரைத் தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். நீங்கள் அதைக் கொடுக்கவில்லை. கஸ்டமர் இல்லாதபோது சாப்பிட்டுக்கொள்வது ஓய்வு நேரம் ஆகாது, எந்த நிமிஷமும் எழுந்து வர வேண்டும் என்ற நிலையில் காத்திருப்பதும் வேலைதான். முகூர்த்த நாட்களில் விடிவதற்கு முன்னால் பெண் அலங்காரத்துக்குக் கிளம்பி ராத்திரி கடை மூடும் வரை நிற்கிறார்கள் என்றால் இன்னும் சிக்கல், ஓவர்டைம் சேர்த்தும் ஒரு நாளைக்கு 10 மணி நேரம்தான் வேலை வாங்கலாம், ஓய்வும் சேர்த்து முதல் நிமிஷத்திலிருந்து கடைசி நிமிஷம் வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் உங்களைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. கீழே இறங்கிப் போய் வர நேரம் கிடைக்காதவர்கள்தான் ஸ்டோர் ரூமுக்குள் ஒதுங்குகிறார்கள். நேரம் குறித்து, மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள், உள்ளே புகைபிடிக்கும் பிரச்சினையில் பெரும்பகுதி அதிலேயே தீரும் என்பது என் கணிப்பு.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கடையை விட்டு வெளியே போய், சட்டம் தடுக்காத ஒரு இடத்தில் நின்று சிகரெட் பிடித்தால் நீங்கள் தண்டிக்க முடியாது. சட்டம் தடுக்காத இடம் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாண்டு போன்றவை திறந்த வெளியாக இருந்தாலும் தடைக்குள் வருபவை. உங்கள் கடை வாசலும் வேண்டாம். ஆனால் திரும்பி வந்த பிறகு அவர் செய்வது உங்கள் வேலை. கஸ்டமரின் முகத்தில் வைக்கும் கை அது. சோப்பு போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, மாஸ்க் போட்டு, வேறு ஏப்ரன் மாட்டிக்கொண்டுதான் நாற்காலி பக்கம் வர வேண்டும் என்று நீங்கள் விதி வைக்கலாம், வைக்க வேண்டும். கடை யூனிஃபார்மோடு வெளியே நின்று பிடிக்கக் கூடாது என்றும் சொல்லலாம். ஓய்வு நேரம் போக நடுவில் அரை மணிக்கு ஒருமுறை "அஞ்சு நிமிஷம் அக்கா" என்று இறங்கிப் போவதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, புகைபிடிக்க என்று தனி பிரேக் எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்த விதிகளைப் பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதி, ஆறு பேரிடமும், புகைபிடிக்காதவர்களிடமும் சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

பணம் பிடித்தது பற்றி. சம்பளத்தில் அபராதம் பிடிப்பதற்குச் சட்டம் இறுக்கமான வரம்பு போட்டிருக்கிறது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அரசு அதிகாரியின் ஒப்புதலோடு அறிவித்திருக்க வேண்டும், ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், அப்படியெல்லாம் செய்தாலும் ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய 1936 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதுதான், 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதுதான். ஒருவருக்கு 11,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 330 ரூபாய், அதுவும் முறைப்படி செய்திருந்தால். நீங்கள் 1,500 பிடித்திருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேங்க் மூலமாகவோ ஜிபேயிலோ போடுங்கள், ஆதாரம் இருக்கும்.

நிறுத்திய பையன் விஷயம் இதைவிடக் கடினம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும், அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41 ஆவது பிரிவு சொல்கிறது. ஒழுங்கீனம் என்று காட்டி நோட்டீஸ் இல்லாமல் அனுப்பலாம், ஆனால் அதற்கு விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். கடைக்குள் புகைபிடித்தது ஒழுங்கீனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பலகை இல்லை, எழுதிய விதி இல்லை, சாம்பலுக்கு டப்பா வைத்ததே நீங்கள், ஓய்வு நேரமும் கொடுக்கவில்லை. இந்த நிலையில் அவர் மேல்முறையீடு செய்தால் உங்கள் சார்பில் வாதாட என்னிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. என் யோசனை, அவரைக் கூப்பிடுங்கள். நிறுத்தியதை ரத்து செய்கிறேன், இடைப்பட்ட நாட்களின் சம்பளம் தருகிறேன், இனி இவைதான் விதிகள் என்று எழுதிக் கொடுத்து வேலைக்கு வரச் சொல்லுங்கள். வந்த பிறகு மறுபடி ஸ்டோர் ரூமில் பற்ற வைத்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பதிலை வாங்கி வையுங்கள், அப்போது நீங்கள் எடுக்கும் நடவடிக்கை சட்டத்தின் முன் நிற்கும். அவர் வர மறுத்தால் ஒரு மாதச் சம்பளமும் பாக்கியும் கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு போன் செய்யலாமா என்றீர்கள். வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். 18 வயது தாண்டியவர், அவர் உங்களிடம் வேலைக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த இரண்டு பசங்களின் அப்பா அம்மாவுக்கு போன் செய்ய உங்களுக்குத் தோன்றவில்லை, இவர் வீட்டுக்கு மட்டும் தோன்றுகிறது. சட்டத்தில் இந்த வித்தியாசம் கிடையாது, தடை மூன்று பேருக்கும் ஒன்றுதான். நம் பக்கத்து ஊர்களில் ஒரு பெண்ணைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வீட்டுக்குப் போனால் அவர் வேலைக்கு வருவதே நின்றுபோகும், அதற்கு மேலும் நடக்கும், உங்களுக்கே தெரியும். அக்கறையில் செய்ய வேண்டும் என்று தோன்றினால் மூன்று பேரிடமும் 1800 112 356 என்ற எண்ணைக் கொடுங்கள், புகையிலையை விட நினைப்பவர்களுக்கான தேசிய இலவச ஆலோசனை எண் அது.

லேபர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் பயந்துகொண்டு அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள், சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, நீங்கள் புதிதாக எழுதிய விதித் தாள், பணம் திருப்பிய ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் தர்மபுரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. நிறுத்தப்பட்ட அந்தப் பையனோடு வாட்ஸ்அப்பில் இனி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், ஏற்கெனவே அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம்.