ஸ்பெயினுக்குப் போன தொண்டரின் பெயர் பட்டியலில் இல்லையா?

கேள்வி: 1937இல் லண்டனிலிருந்து புறப்பட்டு, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் போரிட்டதாகக் கூறப்படும் ஓர் இந்தியரைப் பற்றி எழுதிவருகிறேன். அயல்நாட்டுத் தொண்டர்களைக் கொண்டு குடியரசுக்காகப் போரிட்ட சர்வதேசப் படையணிகளின் பட்டியல் எனக்குக் கிடைத்தது; அதில் அவர் பெயர் இல்லை. அவர் போகவே இல்லை என்று முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. அயல்நாட்டுப் படைகளில் சேர்வதைத் தடைசெய்யும் 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பெயினுக்கும் பொருந்தும் என்று பிரிட்டன் 1937 ஜனவரியில் அறிவித்துவிட்டதால், கடவுச்சீட்டு தேவைப்படாத வார இறுதிப் பயணச்சீட்டில் பாரிஸ் சென்று, அங்கிருந்து இரவோடு இரவாக, ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலையைக் கால்நடையாகக் கடப்பதே பலருடைய வழியாக இருந்தது. இப்படிப் போனவர்களில் சிலர் சொந்தப் பெயரையும் மறைத்தார்கள். நாக்பூரைச் சேர்ந்த கோபால் முகுந்த் ஹுத்தார் ‘ஜான் ஸ்மித்’ என்ற பெயரில்தான் சேர்ந்தார். 1938இல், குடியரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி பிராங்கோவின் படையினரிடம் சிறைப்பட்ட பிறகே அவர் இந்தியர் என்பது வெளிப்பட்டது. ஆகவே பெயரைவிட, புறப்பட்ட மாதம், பிறந்த ஆண்டு, தொழில், கடைசி முகவரி ஆகியவற்றைக் கொண்டு தேடுவதே பலன் தரும்.

நீங்கள் தேடுபவர் எந்தப் படையில் இருந்தார் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். குடியரசுக்காகப் போரிட்ட அயல்நாட்டார் அனைவரும் சர்வதேசப் படையணிகளில் இருந்தவர்கள் அல்லர். எரிக் பிளேர் என்ற இயற்பெயர் கொண்ட ஜார்ஜ் ஆர்வெல், ஸ்டாலினை எதிர்த்த ஸ்பானிய மார்க்சியக் கட்சியான போவுமின் (POUM) போராளிப் படையில் இருந்தார். படையணிகளின் பட்டியலை மட்டும் புரட்டுபவர் அவரையே தவறவிடுவார். மருத்துவப் பணிக்குச் சென்றவர்களையும் தனியே தேட வேண்டியிருக்கும்.

லண்டனிலிருந்து புறப்பட்டவர் என்பதால், கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குங்கள். உளவுத்துறையான எம்ஐ5 தொகுத்து, 2011இல் வெளியிடப்பட்ட பட்டியலில் சுமார் 4,000 பெயர்கள் உள்ளன. உண்மையில் போரிட்ட பிரிட்டிஷ் தொண்டர்கள் ஏறத்தாழ 2,500 பேர் என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. எனவே அதில் ஒரு பெயர் இருப்பதும் போரிட்டதற்கான சான்றாகிவிடாது. லண்டனிலுள்ள மார்க்ஸ் நினைவு நூலகத்தின் சேகரிப்பையும் பாருங்கள்.

மிக வளமான குவியல் மாஸ்கோவில் இருக்கிறது. ஸ்பெயினின் அல்பாசெட்டே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசப் படையணிகளின் ஆவணங்கள், உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கொமின்டர்ன் வழியே அங்கு போய்ச் சேர்ந்தன. ரஷ்ய அரசின் சமூக அரசியல் வரலாற்றுக் காப்பகத்தில் அவை 545ஆம் தொகுப்பாக உள்ளன. அதன் 6ஆம் பிரிவில் தனிநபர் கோப்புகள் நாடுவாரியாக வைக்கப்பட்டிருப்பதால், இந்தியா, பிரிட்டன் இரண்டின் கீழும் தேடுங்கள். ஸ்பானிய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பதிந்த பெயர்களும் அவற்றில் உண்டு. நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்க்காமல் கைவிட வேண்டாம். அக்கோப்புகளில் ஒருவரைக் கோழை என்றோ கட்டுப்பாடற்றவர் என்றோ குறித்திருந்தால், அதை அப்படியே உங்கள் நூலில் எடுத்தாள வேண்டாம். அக்குறிப்புகளை எழுதியவர்கள் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலர்கள். போர்க்களத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதோடு அரசியல் விசுவாசத்தையும் சேர்த்தே எடைபோட்டார்கள்.

அவர் உயிருடன் திரும்பியிருந்தால், சர்வதேசப் படையணிகளின் பிரிட்டிஷ் பட்டாலியனில் எஞ்சியோர் லண்டன் விக்டோரியா நிலையத்தில் வந்திறங்கிய 1938 டிசம்பர் 7ஐ ஒட்டிய நாளிதழ்களைப் பாருங்கள். சிறைப்பட்டதாகத் தெரிந்தால், ஸ்பெயினின் ஆவிலா நகரிலுள்ள ராணுவக் காப்பகத்தையும் ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆவணங்களையும் அணுகுங்கள். அங்கே கேட்கும்போது, அவருடைய இயற்பெயரோடு நீங்கள் ஊகிக்கும் மாற்றுப் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள்.