பிராசஸர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் எதற்கு?

கணினியின் மூளையான பிராசஸருக்கும், அதன்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்குக்கும் இடையில் தடவும் களிம்புதான் தெர்மல் பேஸ்ட். இரண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் உண்டு. பள்ளத்தில் நிற்கும் காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. பேஸ்ட் அந்தக் காற்றை விரட்டி இடத்தை நிரப்புகிறது. அடி நெளிந்த தோசைக்கல்லை மின்சார ஹாட்பிளேட்டில் வைத்தால் தொடும் இடம் காயும், தொடாத இடம் வேகாது. அதே கதைதான்.

மதுரையில் சித்திரை வெயிலுக்கு அறையே 38 டிகிரி இருக்கும். கணினியின் ஃபேன் இழுப்பதும் அந்தச் சூடான காற்றைத்தான். பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசஸர் 95–100 டிகிரியைத் தொட்டு, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்து, ஹீட்சிங்கை மேலே பொருத்தி, அதன் திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

நிறையத் தடவினால் நன்றாகக் குளிரும் என்பது தப்பு. உலோகத்தைவிட பேஸ்ட் மட்டமான கடத்தி, தடித்தால் சூடுதான் தங்கும்.