ஐ.நா. அமைதிப்படைக்குப் போய்வரும் வீரர்களின் மனநிலை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர், தன் தம்பிக்கு காங்கோ போகும் வாய்ப்பு வந்திருப்பதாகவும் வீட்டில் பாதிப் பேர் சந்தோஷத்திலும் பாதிப் பேர் பயத்திலும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். நான் அதே காங்கோவில், கோமா என்ற நகரத்துப் பக்கம் இருந்தவன். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ஹவில்தாராக ஓய்வு பெற்று இப்போது நீலகிரியில் அருவங்காட்டில் இருக்கிறேன். என் அளவில் சொல்கிறேன், லெபனானுக்கோ தெற்கு சூடானுக்கோ போனவர் வேறு மாதிரி சொல்வார், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

பயத்தைப் பற்றி முதலில். அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. காஷ்மீரில் இருந்துவிட்டு அங்கே போகிறவனுக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதா என்ன? ஆளை அரிப்பது வேறு. நான் வெலிங்டன் பக்கம் வளர்ந்தவன். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பையன்கள் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போவேன், அதைக் கேட்டே பட்டாளத்து ஆசை வந்தது என்றும் சொல்லலாம். கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தில் தலையில் ஐ.நா.வின் நீலத் தொப்பி, சட்டைப் பையில் எப்போது சுடலாம் எப்போது சுடக்கூடாது என்று அச்சடித்த ஓர் அட்டை. அட்டை தப்பு என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அமைதிப்படைக்கும் அங்கே திரிகிற இன்னொரு ஆயுதக் கும்பலுக்கும் வித்தியாசமே இருக்காது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்குவது கஷ்டம்.

போவதற்கு முன் டெல்லியில் பயிற்சி கொடுப்பார்கள். கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா கதையைச் சொல்வார்கள். 1961 டிசம்பர் 5, அதே காங்கோவின் எலிசபெத்வில்லில், தன்னிடம் இருந்த கொஞ்சம் கூர்க்காக்களோடு எதிரியின் சாலை மறிப்பை உடைத்து உயிர் கொடுத்தவர். ஐ.நா. பணியில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள். அதைக் கேட்டுவிட்டு நெஞ்சு நிமிர்ந்துதான் விமானம் ஏறுவோம். அப்புறம் 2012 நவம்பர் 20 வந்தது. எம்23 என்ற கிளர்ச்சிக் கும்பல் கோமாவுக்குள் நுழைந்த நாள். அதற்கு முந்தைய நாட்களில் ஐ.நா. ஹெலிகாப்டர்கள் அவர்கள் மேல் சுட்டுப் பார்த்தன, காங்கோ ராணுவம் நகரத்தை விட்டு ஓடியது, விமான நிலையம் மட்டும் எங்கள் கையில் இருந்தது, ஊருக்காக நாங்கள் சண்டை போடவில்லை. மேலிடத்துக் கணக்கு என்ன என்று அன்றைக்கே விளக்கினார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் இருக்கும் ஊருக்குள் சண்டை இழுத்தால் சாவது அவர்கள்தான் என்பது. யோசித்தால் நியாயமாகவே இருக்கும், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் எங்கள் வண்டியைப் பார்த்து ரோட்டோரம் நின்ற பெண்கள் கத்தினார்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன, திட்டு திட்டுதானே.

அதற்கு அடுத்த மார்ச்சில் பாதுகாப்பு கவுன்சில் 2098-ம் தீர்மானம் போட்டு, தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்களை வைத்து அடித்து நொறுக்க அதிகாரம் உள்ள தனிப் பிரிகேடு ஒன்றை அனுப்பியது. 2013 நவம்பரில் எம்23 ஆயுதத்தைக் கீழே வைத்தது. டிவியில் அதைப் பார்த்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

கோமாவுக்கு முன் கொஞ்ச காலம் மசிசி மலைப்பக்கம் ஒரு சின்ன முகாமில் இருந்தேன். அந்த இடம் எப்படி இருக்கும் தெரியுமா, கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் கேத்தி பள்ளத்தாக்கு என்று சத்தியம் செய்வீர்கள். சரிவெல்லாம் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வரப்போரம் கற்பூர மரம், காலையில் பத்து மணி வரை பனி மூட்டம், மேய்ச்சலில் கொழுத்த மாடுகள். முதல் வாரம் நான் கொடுத்துவைத்தவன் என்று நினைத்தேன். வடக்கத்திப் பையன்கள் குளிரில் நடுங்க, நான் மட்டும் வீட்டில் இருப்பது மாதிரி இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அதுவே வினை என்று. ராஜஸ்தான்காரனுக்கு அது அந்நிய தேசம், ஊர் திரும்பினால் அந்த நிலம் கண்ணில் படாது. எனக்கு ஊருக்கு வந்த பிறகும் படுகிறது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போகும்போது கேத்தி திரும்பினால் இன்றும் எந்தத் தோட்டத்தில் ஆள் ஒளியலாம், எந்த வளைவில் வண்டியை நிறுத்தக்கூடாது என்று கண் தானாக அளக்கும்.

அந்த முகாமின் முள்வேலிக்கு வெளியே சாயங்காலம் ஆனால் ஜனங்கள் பாயும் பானையுமாக வந்து படுப்பார்கள், விடிந்ததும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரம்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்த நம்பிக்கையைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும், ஏனென்றால் 2008 நவம்பரில் கிவாஞ்சாவில் நடந்தது எங்களுக்குத் தெரியும். ஐ.நா. முகாம் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தும் ஆயுதக் கும்பல்கள் சுமார் 150 பேரைக் கொன்றுபோட்ட ஊர் அது. அந்த முகாமில் இருந்ததும் நம் ஆட்கள்தான். ஊரார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல மொழிபெயர்ப்பாளர்கூட இல்லை. அதற்கப்புறம்தான் முகாம்களுக்கு உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்கள் வந்தார்கள், கிராமங்களில் சிலருக்கு செல்போன் கொடுத்து, ஆபத்து என்றால் முகாமைக் கூப்பிடச் சொல்லும் ஏற்பாடும் வந்தது.

அந்த போன் என் மேஜையில் இருக்கும். நடுராத்திரி அடிக்கும். எடுத்தால் மூச்சு வாங்கும் சத்தம், ஸ்வாஹிலியில் நாலு வார்த்தை, கட். மொழிபெயர்ப்பாளரை எழுப்பி, திரும்பக் கூப்பிட்டு (டவர் கிடைத்தால்), அவர் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொல்வதை நான் எழுதி, டூட்டி ஆபீசர் சாபுக்குக் கொடுத்து, அவர் மேலே பேசி, வண்டி கிளம்பி, அந்தக் களிமண் ரோட்டில் போய்ச் சேரும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். ஒரு தடவை வயர்லெஸ் செட்டோடு நானும் போனேன். வீடு எரிந்து புகைந்துகொண்டிருந்தது, மாடுகளை ஓட்டிப் போய்விட்டார்கள், வாசலில் ஒரு பாட்டி, மடியில் கொஞ்சம் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு வெந்தது எது வேகாதது எது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார், நிதானமாக, குரலை உயர்த்தாமல், கொஞ்சம் நீளமாகவே. என்ன சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். 'ஒன்றுமில்லை, நன்றி சொல்கிறார்' என்றார். நன்றி சொல்கிற முகம் எனக்குத் தெரியாதா? அவரை மேற்கொண்டு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதை ஊருக்கு வந்து நான் முழுசாகச் சொன்ன ஒரே ஆள் என் பெரியப்பா. மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர், 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். அது ஐ.நா. படை இல்லை, ராஜீவ்-ஜெயவர்தனே ஒப்பந்தப்படி நம் அரசே அனுப்பியது. ஜூலை 29-ல் ஒப்பந்தம், போனவர்களுக்கு மாலை மரியாதை, அக்டோபரில் அதே தெருக்களில் சண்டை. 1990 மார்ச்சில் திரும்பும்போது சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்திருந்தார்கள். அங்குள்ள ஜனங்கள் அந்தப் படையால் பட்டதையும் நான் மூடி மறைக்க மாட்டேன், சென்னையில் வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகாததற்கும் அதுதான் காரணம். பெரியப்பா எல்லாம் கேட்டுவிட்டு, "உனக்கு அந்தக் கிழவி சொன்னது புரியலைன்னு வருத்தப்படுறியா? எனக்கு அங்க ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுதுடா" என்றார். அதோடு எழுந்து போய்விட்டார். கோத்தகிரிப் பக்கம் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில், சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பங்களோடு அவருக்கு நல்ல பழக்கம், கல்யாணம் காட்சிக்கெல்லாம் போவார். அவர்கள் கண்டி, நுவரெலியா பக்கத்து மலையகத்துக்காரர்கள், யாழ்ப்பாணத்துச் சண்டைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் தான் இலங்கையில் இருந்ததை அவர்களிடம் இதுவரை அவர் சொன்னதில்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் எல்லோரும் கேட்பது அது ஒன்றைத்தான். ஐ.நா. நேரடியாக வீரன் கையில் கொடுப்பது ஒரு நாளைக்கு 1.28 டாலர், விடுமுறைப் படி கொஞ்சம். தலைக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. நிர்ணயிக்கும் தொகையெல்லாம் (2018-ல் அது 1,428 டாலர்) அரசுக்குப் போகிறது. நம் அரசு தனியாகத் தரும் வெளிநாட்டுப் படி நல்ல தொகைதான், பொய் சொல்லக்கூடாது, என் வீட்டு மாடி அதில்தான் எழும்பியது. அதனாலேயே, 'உனக்கென்னப்பா, டாலர்ல சம்பாதிச்சுட்டு வந்துட்ட' என்பவரிடம் அங்கே நடந்ததைப் பேச முடிவதில்லை. அங்கே ஊரார் 'இவர்களால் என்ன பிரயோஜனம்' என்பார்கள், இங்கே சொந்தக்காரர்கள் 'இவனுக்கு என்ன குறை' என்பார்கள்.

2022 ஜூலையில் புட்டெம்போவில் ஐ.நா. முகாமுக்கு எதிராகக் கூட்டம் கிளம்பி நம் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்கள் இருவர் இறந்த செய்தி வந்தது. கூட இருந்த பழைய ஆட்கள் வாட்ஸ்அப்பில் 'நன்றி கெட்ட ஜனங்கள்' என்று கொதித்தார்கள். எனக்கு அந்த இருவரின் வீட்டை நினைத்து அழுகை வந்தது, ஆனால் கூட்டத்தின் மேல் முழுக் கோபம் வரவில்லை. 2025 ஜனவரியில் எம்23 மறுபடியும் கோமாவைப் பிடித்தபோது அந்த மொழிபெயர்ப்பாளருக்கு மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். ஒற்றை டிக்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். போகட்டும், தடுக்காதீர்கள். பல நாட்டு வீரர்களோடு வேலை செய்வது நல்ல அனுபவம், மெடல் அணிவகுப்பு அன்று உருகுவே நாட்டுக்காரனும் வங்கதேசத்துக்காரனும் நம் லங்கரில், அதாவது பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், பூரி கேட்டு வரிசையில் நிற்பதைப் பார்க்கும் சுகமும் உண்டு. நிலம், கடன், யார் யாரோடு பேசுவதில்லை போன்ற வீட்டுச் சண்டைகளை அவன் கிளம்பும் முன் தீர்த்துவிடுங்கள், போனில் தீர்க்க முடியாது. அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் நமக்குப் பத்தரை, அதனால் ஒருவராவது விழித்திருங்கள். அவனாகப் பேசினால் நடுவில் 'ஐயையோ' போடாமல் கேளுங்கள், பேசாவிட்டால் தோண்டாதீர்கள். திரும்பி வந்த முதல் இரண்டு மாதம் பெண் பார்க்கக் கிளம்பாதீர்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய், அவன் பாதியில் எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டான். மலேரியா மாத்திரையை ஊருக்கு வந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் சாப்பிடச் சொல்லுங்கள், நம் ஆட்கள் வந்த அன்றே அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.